சாவுச் சேதிக்குத் தீர்வை இல்லை

இரண்டு டெலிபோன் கம்பெனிகள் ஒன்றாகிவிட்டன என்று பேப்பரில் வந்தால் போதும், பார்வதி எனக்குப் போன் போட்டுவிடுவாள். புதுச்சேரி எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவள், எனக்கு ரொம்ப ஜூனியர். "அக்கா, பாத்தீங்களா? ரெண்டும் ஒண்ணாயிடுச்சாம். பில்லுல வரிய வேற ஏத்திட்டான். இந்த மாதிரி கூத்து எங்கயாவது கேட்டிருக்கீங்களா?" என்பாள். கேட்டிருக்கிறேனாவா! ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கூடத்தில் இருந்த இரண்டு போர்டுகளுக்கு நடுவில் சுங்கச்சாவடி வைத்து வரி வாங்கிய இடத்தில் குப்பை கொட்டியவள் நான். அதைச் சொன்னால், "போங்கக்கா, சும்மா அளக்கறீங்க" என்று சிரிக்கிறாள். நம் ஓய்வூதியர் மலருக்கு எழுதிக் கொடுங்கள், அப்போதாவது நம்புகிறோம் என்று இந்தத் தடவை ஒற்றைக் காலில் நின்றாள். சரி, எழுதுகிறேன். நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு சமையல் குறிப்புக்குப் போய்விடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி முழுசாகக் கைமாறியது அறுபத்திரண்டில்தான். நடுவில் இருந்த வருஷங்களில் புதுச்சேரி யாருடையது என்று தெருவில் கேட்டால், "நம்முளுதுதான், இதுல என்ன சந்தேகம்?" என்பார்கள். ஆபீஸ் ஃபைலைக் கேட்டால் அது மட்டும் இழுத்து இழுத்துப் பதில் சொல்லும். அந்த இழுவையில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நான் நெல்லித்தோப்புக்காரி. நிர்வாகம் கைமாறிய கொஞ்ச நாளில் வேலைக்கு எடுத்தார்கள். மதராசில் பயிற்சி கொடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "நம்பர் ப்ளீஸ்" என்பதைத் தும்மாமல், சிரிக்காமல், எதிராளி திட்டினாலும் திருப்பித் திட்டாமல் சொல்லப் பழக்கினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கும் கஷ்டம்தான்.

திரும்பி வந்து பார்த்தால் எக்ஸ்சேஞ்சு கூடத்தில் பிளக்கைச் சொருகி லைன் கொடுக்கிற போர்டுகள் இரண்டு. வலது பக்கம் புதிதாக வந்த இந்திய போர்டு, அதுதான் என்னுடையது. இடது பக்கம் பிரெஞ்சுக்காலத்துப் பழைய போர்டு, அதில் மதாம் செலின். நாற்பது தாண்டியவர், பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு, கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். அவருக்கு நம்பர் என்றால் ஆகாது. "மனுசங்களுக்கு எதுக்கு நம்பர்? அவுங்க என்ன ஜெயில்லயா இருக்காங்க?" என்பார். பழைய சந்தாதாரர்கள் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். யாராவது பத்திரம் பதிகிற நோட்டர் வீட்டைக் கேட்டால், "இப்ப குளிச்சிக்கிட்டு இருப்பார், அப்புறமா கூப்பிடுங்க" என்று அவரே சொல்லி வைத்துவிடுவார். நோட்டர் நிஜமாகவே அப்போது குளித்துக்கொண்டுதான் இருப்பார், அதுதான் வேடிக்கை.

மதாமுக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும், போர்டின் மேல் பச்சைத் துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். மூன்று மணிக்குத்தான் திரும்புவார். பிரெஞ்சுக்காலத்தில் ஊரே அப்படித்தான் தூங்கியதாம். அந்த நேரத்தில் பழைய போர்டில் இருக்கிற வீடுகளையும் கடைகளையும் யாராலும் கூப்பிட முடியாது. இன்னொன்று, சாவுச் சேதி வந்தால் உடனே கனெக்ஷன் கொடுக்க மாட்டார். முதலில் அவரே பேசி, "உக்காருங்க. தண்ணி குடிங்க. இன்னார் போயிட்டார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் லைனைக் கொடுப்பார். பாவம், திடுக்கென்று கேட்டு யாரும் விழுந்துவிடக் கூடாதே என்கிற நல்ல மனசு. இந்த நல்ல மனசு ஒரு நாள் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் சூப்பரின்டெண்டு சேஷாத்ரி சார் மதராசிலிருந்து வந்தவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் அறையில் நல்ல தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது, அதன் மேல் ஃபைல்கள்தான் உட்கார்ந்திருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பு சத்தம் கேட்காமல் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். குரலை உயர்த்தவே மாட்டார். "ராஜம், பார்ட்டிகிட்ட 'இருய்யா'ன்னு சொன்னேளா?" என்று காதோரம் கேட்கும்போது எனக்கு உயிரே போய்விடும். விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அது அவருக்கு வேதம். எழுதாத விஷயத்தில் காலே வைக்க மாட்டார்.

ஒரு நாள் அவர்தான் அந்தப் புதுச் சட்டத்தைச் சொன்னார். இரண்டு போர்டுகளையும் இலாகா ஒன்றாக இணைத்துவிட்டது, சரி. ஆனால் பழைய போர்டு சட்டப்படி இன்னும் பிரெஞ்சு சர்க்காரின் சொத்து. அதனால் என் போர்டிலிருந்து மதாம் போர்டுக்குப் போகிற ஒவ்வொரு அழைப்பும் தேசத்தை விட்டு வெளியே போகிறது. அப்படிப் போகிற எதற்கும் சுங்கத் தீர்வை உண்டு.

"சார், மதாம் அங்கதான உக்காந்திருக்காங்க? கை நீட்டினா தொட்டுடலாமே?" என்றேன்.

"தொடலாம். அதுக்கு விதி இல்லை. பேசறதுக்குத்தான் விதி" என்றார் சார்.

தீர்வை வாங்க ஆள் வேண்டுமே? அந்தச் சமயத்தில் எல்லையில் இருந்த சுங்கச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அதைத் துவான் என்போம். சாவடி போய்விட்டது, துவான்காரர்கள் மட்டும் மிச்சம். அவர்களில் ஒருவரை எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். அவர்தான் முசே அந்துவான். எங்கள் ஊரில் முசே என்றால் ஐயா. வடக்கு எல்லையில் காலமெல்லாம் நின்றவர். மீசை, காக்கி கால்சராய், துவான் தொப்பி. தொப்பியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார் சேஷாத்ரி சார். "முசே, இது என் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டார்.

வந்த முதல் நாளே தன் சாவடியிலிருந்து நாற்காலி, மேசை, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட தடைக்கம்பு எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கம்பு நீளமாக இருந்ததால் பாதியாக அறுத்து, இரண்டு போர்டுகளுக்கும் நடுவில் குறுக்கே மாட்டினார். அதற்குப் பிறகு நான் மதாமிடம் கொஞ்சம் மல்லிகைப்பூ கொடுக்க வேண்டுமானாலும் முசே கம்பைத் தூக்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். பூவை மோந்து பார்த்துவிட்டு, "சொந்த உபயோகம், போகலாம்" என்பார். சிரிக்காதீர்கள், சத்தியமாக நடந்தது.

வேலை நடக்கிற முறை இப்படி. என் போர்டுக்காரர் ஒருவர் பழைய போர்டில் இருக்கிற ஒருவரைக் கேட்டால், நான் லைனை முதலில் முசேயின் மேசைக்குத் தருவேன். அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எல்லையில் மூட்டையைப் பார்த்துக் கேட்கிற அதே குரலில், "என்ன கொண்டு போறீங்க? அறிவிங்க!" என்பார். வியாபாரச் சேதிக்கு ஒரு தீர்வை, குடும்பச் சேதிக்குக் குறைந்த தீர்வை. எந்த வகை என்று முடிவு செய்த பிறகுதான் கம்பு ஏறும், மதாம் பிளக்கைச் சொருகுவார்.

வகை பிரிப்பதில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. பெண் பார்த்த விஷயம் பேச வேண்டும் என்றார் ஒருவர். குடும்பம் என்று எழுதப்போன முசே, "வரதட்சணை பேசுவீங்களா?" என்று கேட்டார். "பின்ன பேசாம?" என்றார் அந்த மனிதர் வெகுளியாக. "அப்ப அது வியாபாரம்" என்று போட்டுவிட்டார். இன்னொருவர் மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டுமென்றார். மாமியாருக்குச் சொத்து இருக்கிறதா என்று முசே கேட்டதும் லைனிலேயே அடிதடி ஆகிவிட்டது.

சாவுச் சேதிக்கு மட்டும் தீர்வை இல்லை. இது யாரும் போட்ட விதியில்லை, முசேயின் வழக்கம். எல்லையில் பாடை வந்தால் துவான்காரன் தடையைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். துணியைத் தூக்கிப் பார்ப்பது பாவம். அந்தப் பாடைகளுக்கு அடியில் எத்தனை பிராந்தி பாட்டில் எல்லை தாண்டியது என்று ஊருக்கே தெரியும், முசேக்கு மட்டும் தெரியாது. டெலிபோனிலும் அதே வழக்கம்தான். "சாவு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தொப்பியைக் கழற்றுவார், ஹெட்செட்டைக் கழற்றுவார், சிலுவைக்குறி போடுவார், கம்பைத் தூக்குவார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினாலும் காதைக் கொடுக்க மாட்டார். துக்க வீட்டில் ஒட்டுக்கேட்பாரா ஒரு மனுஷர்?

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊர் இதைக் கண்டுபிடித்துவிட்டது. பெரிய கடைத்தெரு ஜவுளிக்காரர் தினமும் காலையில், "ஐயோ, எங்க பெரியப்பா போயிட்டாருங்க!" என்று ஆரம்பிப்பார். கம்பு ஏறும். அந்தப் பக்கம் மதாம் தண்ணி குடிக்கச் சொல்லி முடித்ததும், "மல்லுத் துணி வந்துடுச்சா? எத்தன பீஸு?" என்பார். அரிசி மண்டிக்காரருக்கு அத்தைகள் சாவார்கள். டாக்டருக்கு நோயாளிகள் செத்தார்கள், அதை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு அம்மாள் பக்கத்துத் தெரு அக்காவிடம் வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்க, தன் வீட்டுக்காரரையே சாகடித்தாள். அவர் பக்கத்தில் இருந்துகொண்டு, "என்னை எதுக்குடி இழுக்கற?" என்று கத்தியது என் காதில் விழுந்தது. முசே மட்டும் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

சேஷாத்ரி சாருக்கு இது வேறு மாதிரிப் பட்டது. ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "ராஜம், ஊர்ல காலரா கீலரா ஏதாவது பரவறதா?" என்று கேட்டார். நான் யாரும் கூப்பிடாத போர்டைப் பார்த்து, "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அவர் முறைப்படி சுகாதார இலாகாவுக்கு எழுதிப்போட்டார். மறுவாரம் ஊசி குத்துகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, வீட்டில் டெலிபோன் இருக்கிற ஆட்களாகப் பார்த்துத் துரத்தித் துரத்திக் குத்தினார்கள். ஜவுளிக்காரர் வீங்கின கையோடு எனக்குப் போன் செய்து, "ஏம்மா, இது என்னம்மா அநியாயம்?" என்று அழுதார். "பெரியப்பாவுக்குப் போட்டாச்சாங்க?" என்று கேட்டேன். பட்டென்று வைத்துவிட்டார்.

இத்தனை நாள் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கன்னியம்மா விஷயம் வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

கன்னியம்மா வடக்கு எல்லையோரப் பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்காரி. எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்கு மீன் கூடையோடு வருவாள். என் வயசுதான் இருக்கும். கல்யாணமாகி முதல் பிள்ளை, நிறைமாசம். "இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எதுக்குடி அலையற?" என்று என் அம்மா திட்டினால், "சும்மா குந்தியிருந்தா அவரு நெனப்பாவே கீதும்மா" என்பாள். அவள் புருஷன் தங்கராசு. அந்த வருஷம் ஐப்பசிக் காற்றில் அவன் கட்டுமரத்தோடு காணாமல் போனான். கூடப்போன மற்ற மரங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, அவன் மட்டும் வரவில்லை. கன்னியம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சோறு தண்ணி கிடையாது. அவளுக்குப் பதிலாகக் கூடை கொண்டுவந்த மாமியார்க்காரி சொன்னாள்: "வருவான்னு சொல்லிக்கினே குந்தினுகீது. கெட்ட சேதி எதுனா வந்துச்சு, நானும் கடல்ல எறங்கிடுவேன்னுதும்மா. அது சொன்னா செய்யும்."

மறுநாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடலூரிலிருந்து என் போர்டுக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. பேசியவர் அங்கே துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிற ஒரு மொத்த வியாபாரி. அவர் கேட்ட இடம், பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்து ரோட்டில் இருந்த கருவாட்டு மண்டி. அந்தப் பக்கத்தில் இருந்ததே அந்த ஒரு டெலிபோன்தான். அதுவோ பழைய போர்டில் இருந்தது. லைனை முசேயிடம் கொடுத்தேன்.

"என்ன கொண்டு போறீங்க? அறிவிங்க!"

"சாவு சேதிங்க. பிள்ளைச்சாவடி தங்கராசு போயிட்டான்."

முசே தொப்பியைக் கழற்றினார், ஹெட்செட்டைக் கழற்றினார், சிலுவைக்குறி போட்டார், கம்பைத் தூக்கினார். சேதியை முசே சொல்ல, மதாம் மண்டிக்கு மணி அடித்தார். எடுத்தவர் மண்டிக் கணக்கர். மதாம் தன் வழக்கப்படி, "உக்காருங்க முசே. தண்ணி குடிங்க. உங்க ஊர் தங்கராசு போயிட்டாராம்" என்றார். கணக்கர் உட்காரவுமில்லை, தண்ணி குடிக்கவுமில்லை. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ!" என்று கத்திக்கொண்டே ஓடியது மட்டும் கேட்டது.

அப்போதுதான் கடலூர் வியாபாரி பேச ஆரம்பித்தார். "அலோ! அலோ! சும்மா தீர்வைக்காகச் சொன்னேன்யா. தங்கராசு நல்லாத்தான் இருக்கான். எங்க ஆளுங்கதான் மரத்தோட இழுத்துக்கிட்டு வந்தாங்க. கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கான். சாயங்காலம் பஸ்ல ஏத்தி விடறேன், வீட்ல சொல்லிடுய்யா! அலோ!"

தொங்குகிற ரிசீவரிடம் அந்த மனிதர் இவ்வளவையும் சொன்னார். அந்தப் பக்கம் மண்டியில் ஈ காக்கை இல்லை. "ஐயா, அந்த ஆளை எங்கயும் அனுப்பாதீங்க, போன் பக்கத்துலயே வெச்சிக்கிங்க" என்று நான் கத்தினேன். அதற்குள் பன்னிரண்டு அடித்தது. கணக்கரிடம் சொன்னதுமே ஹெட்செட்டைக் கழற்றிவிட்ட மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பச்சைத் துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, "பாவம், சின்னப் பையன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"முசே! அந்த ஆள் சாகல! உசுரோட இருக்கான்!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நோன். இல்ல, சாவுன்னு அறிவிச்சாங்க. என் காதால கேட்டேன்" என்றார்.

"அது தீர்வைக்குப் பயந்து சொன்ன பொய் முசே! ஊரே அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. ஜவுளிக்காரருக்கு இத்தன பெரியப்பா ஏது? யோசிச்சிப் பாருங்க!"

அவர் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"டாக்டரும்?"

"டாக்டரும்தான்."

"மாதா கோயில் பங்குச் சாமியார்? அவருக்குப் போன மாசம் தம்பி போனாரே... நான் பூசைக்குக் காசு வேற குடுத்தேனே?"

நான் அவர் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சத்தம் கேட்டுச் சேஷாத்ரி சார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? அவர் முசேயைப் பார்த்தார், முசே அவரைப் பார்த்தார். "செத்தவர் உயிரோட இருக்கார்ங்கற சேதி எந்த வகையில வரும்?" என்று சார் கேட்டார். முசே நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "குடும்பத்துலதான் போடணும். ஆனா சாவுன்னு ஏற்கனவே போனது. போன சரக்கத் திரும்பக் கூப்பிட எங்க துவான்ல வழி இல்ல முசே" என்றார். "அப்போ மதராசுக்கு ஒரு விளக்கம் கேட்டு எழுதணும்" என்றார் சார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! மதராசில் கற்றுக்கொடுத்ததெல்லாம் பறந்துவிட்டது. "எழுதுங்க! நல்லா எழுதுங்க! நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அங்க ஒருத்தி நிறைவயித்தோட கடல்ல எறங்கிடுவா. அதுக்கு என்ன வகைன்னும் சேத்துக் கேட்டு எழுதுங்க! ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க சார்!"

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஜீப்பை சாவு, பிழைப்புக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. லைன் பழுதுக்குத்தான் குடுக்கலாம்" என்றார். பிறகு பச்சைத் துணி போர்த்திய போர்டைப் பார்த்தபடி, "ராஜம், அந்த மண்டியோட ரிசீவர் இப்போ தொங்கிண்டிருக்கு இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

"அப்போ அது பழுதுதானே?"

"பழுதுதான் சார்! பெரிய பழுது!"

"போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்றார்.

நானும் முசேயும் ஜீப்பில் பறந்தோம். அவர் வழியெல்லாம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் போனபோது பிள்ளைச்சாவடிக் கரை முழுக்க ஜனம். ஒரே ஒப்பாரி. கன்னியம்மா முழங்கால் தண்ணியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. நாலைந்து பெண்கள் இடுப்பையும் கையையும் பிடித்து இழுக்க, அவள் பேசாமல் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். நிறைமாச வயிற்றோடு அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை.

"கன்னியம்மா! உங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்காரு! கடலூர்ல இருக்காரு!" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணியில் இறங்கிக் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு கிழவர் என்னை ஒதுக்கித் தள்ளி, "போம்மா அந்தாண்ட! போன்லயே வந்துட்ச்சு. கெவுருமெண்டு போனு பொய்யா சொல்லும்? நீ இன்னா ஆறுதலுக்குச் சொல்லிக்கினுகீற" என்றார்.

அப்போது பின்னாலிருந்து, "ஹால்ட்!" என்று ஒரு குரல் வந்தது. முசே அந்துவான் தொப்பியை மாட்டிக்கொண்டு, மணலில் விறைப்பாக நின்றார்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரலைத் தெரியும். எத்தனையோ வருஷம் அவர்களுடைய பாக்கு மூட்டையையும் பட்டுத் துணியையும் பிடுங்கிக்கொண்ட குரல். ஒப்பாரி சட்டென்று நின்றது. பழக்க தோஷத்தில் இரண்டு ஆண்கள் மடியில் இருந்ததைப் பின்னால் மறைத்தார்கள்.

"இந்தச் சாவு பொய் அறிவிப்பு!" என்றார் முசே. "தீர்வைய ஏமாத்தறதுக்குக் கொண்டாந்த சாவு! இத நான் பறிமுதல் பண்றேன்! இனிமே இந்தச் சாவ யாரும் வெச்சிருக்கக் கூடாது!"

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அந்தக் கிழவர் மெதுவாக, "துவான் ஐயா புட்ச்சிக்கினார்னா அத்தோட பூட்ச்சு. திரும்பிக் குடுக்கவே மாட்டார்" என்றார். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். நான் தொண்டை கிழியச் சொன்னதை நம்பவில்லை, பாருங்கள்!

கன்னியம்மா மட்டும் திரும்பவில்லை. தண்ணியில் நின்றபடியே, "அவரு கொரலக் கேக்கணும்" என்றாள். "கேட்டாதான் நான் வருவேன்."

மண்டி டெலிபோன் மூன்று மணி வரைக்கும் ஊமை. "எங்க ஆபீசுக்கு வா. என் போர்டுலயே கடலூர் இருக்கு. வந்து கேளு. அவர் குரல் இல்லன்னா நானே உன்னக் கொண்டாந்து இங்க விடறேன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மாமியார்க்காரி அவளைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றினாள். முசே பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார்.

கூடத்துக்குள் நுழைந்து பார்த்தால், சேஷாத்ரி சார் உட்கார்ந்திருந்தார். என் நாற்காலியில், என் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வயர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. ஜவுளிக்காரர் ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரி அரிசி மண்டியோடு பேசிக்கொண்டிருந்தது. ஆனால் கடலூர் லைனை மட்டும் கையால் அழுத்திப் பிடித்து வைத்திருந்தார். "விடலைம்மா. அந்தப் பையன் அங்கே காத்துண்டிருக்கான்" என்றார்.

கன்னியம்மாவை என் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஈரப் புடவையிலிருந்து தண்ணி சொட்டித் தரையெல்லாம் ஓடியது. ஹெட்செட்டை மாட்டிவிட்டேன், அவள் தலைக்கு அது பெரிதாக இருந்தது. மேற்பார்வைக்கென்று இருந்த இன்னொரு ஹெட்செட்டை நான் மாட்டிக்கொண்டு, கடலூர் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணிடம் பார்ட்டியைக் கொடுக்கச் சொன்னேன்.

"அலோ?" என்றது ஒரு ஆண் குரல். உப்புத் தண்ணி குடித்துக் கரகரத்துப்போன குரல். "யாரு? கன்னியா? ஏய் கன்னி, நான்தான்டி. கேக்குதா? மரம் ஒண்ணும் ஆவல. வலைதான் போச்சு. சாப்ட்டியா? ஏய், பேசுடி."

கன்னியம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்து வயிற்றின் மேல் விழுந்தது. "கேக்குதாடி? ஏதாவது சொல்லுடி" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு அவனுக்கும் குரல் உடைந்துவிட்டது. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. சேஷாத்ரி சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முசே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் குரலைத் தானும் கேட்க வேண்டுமென்று என் ஹெட்செட்டின் ஓரத்தில் காதை வைத்தார்.

கடலூர்ப் பெண் நடுவில் வந்தாள். அவள் நல்ல ஆபரேட்டர், விதி தவற மாட்டாள். "ராஜம், மூணு நிமிஷம் ஆயிடுச்சு. லைன்ல ஒரு சத்தத்தையும் காணோம். பார்ட்டி பேசறாங்களா இல்லையா? கட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள்.

"பண்ணாதடி" என்றேன். "பேசிக்கிட்டுதான் இருக்காங்க."